தாய்மாமன் வண்டியின் சூடு

ஏப்ரல் 6

காலையில் தங்கை வளர்மதி தொலைபேசியில் பேசினாள். மகள் நறுமுகைக்குக் காது குத்து வைத்திருக்கிறார்களாம். மே 24, காலை பத்தரைக்குள் முகூர்த்தம், கொல்லிமலையில் அவர்கள் வீட்டிலேயே. எங்கள் அம்மாவுக்கு நான் தலைப்பிள்ளை, வளர்மதி கடைசி. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவளுக்குப் பிறந்தவள் நறுமுகை. மூன்று வயது. அவளுக்கு உடன்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"ண்ணா, இந்த வாட்டியாச்சும் மேல வருவீங்களா?"

கட்டாயம் வருவேன் என்றேன். வண்டி ஒன்றுதான் பிரச்சினை என்றும் சொன்னேன். என் பழைய டீசல் காருக்கு மலையேறும் இழுவை கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் வருகிறதே என்றாள். பஸ் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இருக்கைகள் மிகச் சிறியவை என்றேன்.

"கிரகப்பிரவேசத்துக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தறேன்னீங்க. வளைகாப்புக்கும் பேப்பர் திருத்தறேன்னீங்க. இப்பத்தான் ரிட்டயர்டு ஆயாச்சே?"

ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலைகள் உண்டு என்பது பலருக்குப் புரிவதில்லை.

மாலையில் வராந்தா பல்பு போய்விட்டது. மனைவி தெய்வானை ஏணியில் ஏறி மாற்றினாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏணி சரிந்தால் மேலே நிற்பவருக்கு எவ்வளவு தைரியம் இருந்தும் பயனில்லை. பிடிப்பதும் பாதி வேலைதான்.

ஏப்ரல் 9

அங்கமுத்து வந்திருந்தான். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். இப்போது நாமக்கல்லிலேயே லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். வண்டிக்கு இழுவை இல்லாத சங்கதியைத் தெய்வானை அவனிடம் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

"இதுக்குப் போயா சார் கவலைப்படறீங்க? ஒரு டர்போ வெச்சு உட்டர்றேன். இந்த வண்டி மலை மேல ஏறாது சார், பறக்கும்."

பறக்க வேண்டிய அவசியமில்லை என்றேன். அவன் அதற்குள் பானெட்டைத் திறந்து அளவெடுக்கத் தொடங்கிவிட்டான்.

டர்போ என்பது எளிய விஷயம்தான். இன்ஜினிலிருந்து புகையாக வெளியேறும் காற்று ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றிவிட்டுப் போகும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள், வாசலில் நிற்பவர்களை உள்ளே தள்ளிவிட்டுப் போவதுபோல. பந்தி சீக்கிரம் நிரம்பும். ஆனால் சமையல்கட்டில் அடுப்பும் இரண்டு மடங்கு எரிய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அங்கமுத்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15

டர்போ மாட்டியாகிவிட்டது. பைபாஸ் மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரிலேயே சர்ரென்று ஏறிவிட்டது. அங்கமுத்து கை தட்டினான். தெய்வானை உடனே வளர்மதிக்குப் போன் போட்டாள்.

இரவு தூக்கமில்லை. கொசு.

ஏப்ரல் 17

சேந்தமங்கலம் போகும் வழியில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். பானெட்டின் விளிம்பு முழுக்க ஆவி. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் வந்து மரியாதையுடன் சுற்றி நின்றார்கள். ஒருவர், "இட்லி வெந்திருச்சுங்களா?" என்று கேட்டார்.

வளர்மதியிடம் சூட்டுப் பிரச்சினையைச் சொன்னேன். இப்படியொரு வண்டியை நம்பி மலையேற முடியாது என்று விளக்கினேன். அவள் வெறுமனே "உம்" என்றாள்.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 21

பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தெருவே வேடிக்கை பார்க்க டர்போ மாட்டினால் கண் படாமல் என்ன செய்யும்? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் ஒன்றை வண்டியின் மூக்கில் கட்டினார். நாக்கைத் தொங்கப்போட்ட பூத முகம் ஒன்றையும், அவர் மகன் லாரிக்கு வாங்கியதில் மிஞ்சியது, நடுவில் மாட்டினார்.

அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்போடு ஒருவர் கட்டுவதை அவிழ்ப்பது முறையல்ல.

ஏப்ரல் 26

அங்கமுத்து லாரி விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வெட்டிச் சுருக்கி மாட்டினான். ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுதான் இன்ஜின் நீரை ஆற்றுகிறது. விசிறி பெரிதானால் காற்றும் கூடும். வண்டி இப்போது ஹெலிகாப்டர் போலச் சத்தமிடுகிறது. பைபாஸில் போய்வந்தோம். முள் நடுவிலேயே நின்றது.

கொசு அதிகம்.

ஏப்ரல் 28

உடம்பு சூட்டுக்கு வேப்பிலைதான் மருந்து, வண்டிக்கு மட்டும் வேறா என்று பாவாயி அக்கா ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்து கட்டினார். அவர் போன பிறகு பார்த்தேன். கட்டு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க நேர்த்தியாக இல்லை. அவிழ்த்து, ரேடியேட்டருக்கு நேராக, நடுவில், இறுக்கமாகக் கட்டினேன். பூத முகத்தையும் கொஞ்சம் மேலே ஏற்றினேன். இடைவெளி இல்லாமல் அழகாக இருந்தது.

மாலையில் உழவர் சந்தைக்குப் போனோம். முள் சிவப்பு.

நல்ல தூக்கம்.

மே 3

அங்கமுத்து புதிய வழியொன்று சொன்னான். காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் இன்ஜின் சூடு குறையுமாம். அவன் சொல்வது சரிதான். இன்ஜினின் சுடுநீர் காருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. அதன் மேல் காற்று வீசினால் வெப்பம் உள்ளே இருப்பவர்கள் மேல் வந்துவிடும். இன்ஜினுக்கு அந்த அளவு மிச்சம். வகுப்பில் சேட்டை செய்கிறவனைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவதுபோல. சேட்டை அழிவதில்லை. இடம் மாறுகிறது.

வெளியே கத்திரி வெயில் தொடங்குகிற சமயம். உள்ளே ஹீட்டர். தெய்வானை ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் நிலையத்தில் செங்கோடன் எங்களைப் பார்த்துக் கை காட்டினான்.

செங்கோடன் என் பெரியப்பா மகன். வயதில் இளையவன், லாரிகளும் ஒரு ஜீப்பும் வைத்திருக்கிறான். நறுமுகைக்கு அவனும் மாமன் முறைதான். வெள்ளை வேட்டி சட்டையில் ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியிருந்தான்.

"என்ன வாத்தியாரண்ணா, கண்ணாடியெல்லாம் ஏத்தி உட்டிருக்கீங்க? ஏசியா?"

ஏறு என்றேன். ஏறினான். கண்ணாடியை ஏற்றி வைத்தால் தூசி வராது என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை. கொஞ்ச தூரத்தில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணா, ஏசியில ஏதோ கோளாறுண்ணா."

"ஏசி இல்லடா, ஹீட்டரு."

"மே மாசத்துலயா? அண்ணி, இவருக்கு நல்லாத்தானே இருக்குது?"

"அவருக்கு நல்லாத்தான் இருக்குது தம்பி. நாந்தான் பாதி வெந்துட்டேன்" என்றாள் தெய்வானை.

இறங்கும்போது அவன் ஆற்றில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தான். "அண்ணா, நீங்க இந்தக் குண்டான்ல வெந்துக்கிட்டு எங்க மேல வரப்போறீங்க? பேசாம உட்டுருங்க. வளர்மதிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்" என்றான்.

முள் நடுவில்தான் இருந்தது. அது ஒரு நல்ல சேதி.

மே 8

வளர்மதி பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ண்ணா, உங்களுக்காகப் போன வருசமே ரெண்டு வாட்டி தள்ளி வெச்சாச்சு. இனிமே தள்ள முடியாது. வந்தீங்கன்னா உங்க மடி. வல்லைன்னா செங்கோடண்ணன் உக்கார்றேன்னு சொல்லியிருக்கறாரு. நான் சரின்னுட்டேன்."

பிறகு குழந்தையிடம் போனைக் கொடுத்தாள். நறுமுகை நெடுநேரம் மூச்சு மட்டும் விட்டாள். பின், "மாமா, நீ போன்லயே இருக்கற மாமாவா?" என்று கேட்டாள்.

தூக்கமில்லை. கொசு இல்லை.

மே 14

தெய்வானையிடம் சொல்லாமல் மலையடிவாரம் வரை போய்வந்தேன். காரவள்ளியில் சோதனைச்சாவடியைத் தாண்டி முதல் வளைவு தெரிந்தது. பலகையில் '1/70' என்று எழுதியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நன்றாக இருந்தது. மேகமூட்டமாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

மே 23

நாளை காது குத்து. தாய்மாமன் சீர் தயார். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தோடு, தேங்காய் பழத் தட்டுகள். பின் இருக்கை நிரம்பிவிட்டது.

தெய்வானை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு, பிரசாதமாகக் கிடைத்த வடைமாலையுடன் வந்தாள். அதையும் வண்டியின் மூக்கில், பூத முகத்துக்கும் வேப்பிலைக்கும் மேல் சாத்தினாள். வடை எண்ணெயில் வெந்தது, தடிமனானது, காற்றுப் புகாதது. இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். பக்தி விஷயத்தில் தலையிடக் கூடாது.

மே 24

காலை இருட்டோடு கிளம்பினோம். ஹீட்டர் முழு வேகத்தில். தெய்வானை பட்டுப்புடவைக்கு மேல் ஈரத்துண்டு. நான் புது வேட்டி.

முதல் வளைவுகளைப் பற்றி எழுத அதிகமில்லை. நான் சாலையின் மலைப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெய்வானை பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். "பதினாறு... பதினேழு..." வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் "உள்ளேன்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

முப்பதைத் தாண்டியதும் முள் சிவப்பில் போய் நின்றது. வளைவில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைக்கத் தெய்வானை இறங்கினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து செங்கோடனின் ஜீப் வந்தது. உறவுக்கூட்டம் பிதுங்கி வழிந்தது.

"வாத்தியாரண்ணா! மடியைத் தொடச்சு வெச்சிருக்கறேன், நீங்க பையத் தாராளமா வாங்க!" என்று கத்திவிட்டு அடுத்த வளைவில் மறைந்தான்.

ஜீப் சத்தம் அடங்கியதும் குரங்குகள் வந்தன. முதலில் ஒன்று வந்து பூத முகத்தை உற்றுப் பார்த்தது. பயந்ததாகத் தெரியவில்லை. பின் மரத்திலிருந்து ஒரு குடும்பமே இறங்கியது. வடைமாலையை இரண்டு பெரிய குரங்குகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தன. அறுந்ததும் குட்டிகள் பொறுக்கின. வேப்பிலைக் கட்டைப் பிய்த்து வடை ஒளிந்திருக்கிறதா என்று தேடின. ஒன்று எலுமிச்சம்பழத்தைக் கடித்துவிட்டு எங்களைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தது. கடைசியாக ஒரு கிழட்டுக் குரங்கு பூத முகத்தைக் கழற்றிக்கொண்டு தடுப்புச்சுவரில் போய் உட்கார்ந்தது. தெய்வானை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆஞ்சநேயரே நேரில் வந்து வாங்கிக்கொண்டார் என்றாள்.

இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. லாரி விசிறியின் சத்தம் மாறியது. அதுவரை தொண்டை அடைத்தவன்போல் முனகியது, இப்போது வாய்விட்டுப் பேசியது. ரேடியேட்டர் வழியாகக் காற்று ஓடுவது உள்ளேயே கேட்டது. முள் சிவப்பிலிருந்து நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நடுவுக்கும் கீழே வந்துவிட்டது.

தெய்வானை முள்ளைப் பார்த்தாள். வெறுமையாக இருந்த வண்டியின் மூக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, காத்துப் போற வழிய அடைச்சா சூடாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? முப்பத்திநாலு வருசம் சயின்ஸ் சொல்லிக் குடுத்தவருதானுங்களே நீங்க?"

எதிர்ப்பக்கம் பாறையில் ஒருவகைச் சிறிய மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன. மிக அழகாக இருந்தன.

"கிளம்பலாங்களா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஆறட்டும்."

"வண்டி ஆறிருச்சுங்க. நீங்க ஆறோணும்னா சொல்லுங்க, நான் இருக்கறேன்."

அவள் என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள். சரியாகப் பள்ளத்தாக்கை மறைத்துக்கொண்டு நின்றாள் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. பஸ் ஒன்று எங்களைக் கடந்து ஏறியது. பஸ்ஸுக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நேரமாச்சுன்னா செங்கோடன் உக்காந்துருவான்" என்றேன்.

"ஆமாங்க. உக்காந்துருவாரு."

"நான் போன்லயே இருக்கற மாமாவா ஆயிருவேன்."

அவள் கல்லை எடுத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். ஹீட்டரை அணைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். முள் இறங்கிவிட்டதை மறந்துவிட்டேன். அவள் அணைத்துவிட்டாள். வண்டி புறப்பட்டது.

மீதி வளைவுகளில் அவள் பலகை படிக்கவில்லை. நான்தான் படித்தேன். சத்தமாக.

வளர்மதி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பத்தேகால் இருக்கும். பந்தலுக்குள் பெரிய அழுகை. செங்கோடன் மடியில் நறுமுகை வில்லாக வளைந்து கதறிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தை உதைத்ததில் வெற்றிலையும் சந்தனமும் அவன் வேட்டி மேல். காது குத்தும் ஆசாரி கையில் ஊசியோடு, "புள்ளையப் புடிங்க, நேரம் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இறங்க வேண்டும். இறங்கத்தான் நினைத்தேன். முழங்கால்கள் கேட்கவில்லை. கைகளும் ஸ்டியரிங்கை விடுவதாக இல்லை. கூப்பிட்டால் அந்த அழுகையில் யாருக்கும் கேட்காது. முழங்கையால் ஹாரனை அழுத்தினேன்.

அழுகை நின்றது. நறுமுகை திரும்பிப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினேன். செங்கோடன் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பந்தலைக் கடந்து, நேராகக் காரிடம் ஓடி வந்தாள்.

"நானு ஓட்டறேன்."

தெய்வானை கதவைத் திறந்து அவளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். குழந்தை என் கைகளைப் பிரித்து நகர்த்திவிட்டு, ஸ்டியரிங்கைத் தான் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

வளர்மதி ஓடி வந்தாள். "ண்ணா, வந்துட்டீங்களா! இறங்குங்க, பந்தலுக்கு வாங்க!"

"கால் மரத்திருக்குது வளரு."

ஆசாரி குனிந்து காருக்குள் பார்த்தார். "மடி மாமன் மடிதானுங்களே? புள்ள அசையாம இருக்குது. இங்கயே குத்திரலாங்க."

யாரோ பெரியவர் ஒருவர், திசை கிழக்காக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. செங்கோடனும் நான்கைந்து பேரும் சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கிழக்கே திருப்பினார்கள். தான்தான் ஓட்டுவதாக நறுமுகை நினைத்துக்கொண்டாள். தள்ளி முடித்ததும் ஆசாரி சன்னல் வழியாகக் கையை விட்டு வலது காதைக் குத்தினார். அவள் வீறிட்டபடி ஹாரன் மேல் விழுந்தாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். மறுபக்கக் காதுக்கு ஹாரனை நான் முன்கூட்டியே அழுத்தினேன். அழுவதா சிரிப்பதா என்று அவள் யோசிக்கும்போதே முடிந்துவிட்டது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். செங்கோடன் சந்தன வேட்டியோடு வந்து கதவில் சாய்ந்தான்.

"காரை மடியாக்கின ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணா. வாங்க, பந்தி போட்டாச்சு."

"கால்..."

"தெரியும் வாங்கண்ணா" என்று கையைப் பிடித்து இறக்கினான். சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகும் பாதை ஒரு பக்கம் சரிவு. நடக்கும்போது அவன் அந்தப் பக்கம் மாறிக்கொண்டான். வழியெல்லாம் டயர் தேய்மானம் பற்றியே பேசினான்.

மே 25

இன்று கிளம்புவதாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. ஏறுவதற்கு இன்ஜின் போதும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக்கும் சூடாகும். உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்த்தால் தெரியும். அங்கமுத்து வந்து பார்க்காமல் இறக்குவது பொறுப்பற்ற செயல்.

தெய்வானை, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போகும்போது வளர்மதியிடம், "ஆறட்டும், அவசரமில்லை" என்று சொன்னது காதில் விழுந்தது. பிரேக்கைத்தான் சொல்லியிருப்பாள்.

ஜூன் 4

அங்கமுத்துவுக்கு வேலை அதிகம். அடுத்த வாரம் வருவதாகச் சொல்கிறான். பரவாயில்லை என்றேன்.

காலையில் பல் தேய்த்ததும் நறுமுகை வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போகிறாள். மடியில் ஏறிக்கொள்கிறாள். காதுகளில் புதுத் தோடு. சாவி வளர்மதியின் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. இன்ஜின் சத்தத்தை அவளே போடுகிறாள். நான் டர்போ சத்தம் மட்டும்.

"எங்க போலாம் மாமா?"

"நீயே சொல்லு."

"அத்தையக் கூட்டியாறலாம்."

கிளம்பினோம். அவளுக்குப் பத்துவரைதான் எண்ணத் தெரியும். அதனால் ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நிறுத்தி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினோம். இறக்கத்தில் அவள் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்த்து, "அம்மாடி, எத்தன ஆழம்!" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். வளர்மதியின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எழுபதையும் இறங்கி, நாமக்கல் போய், தெய்வானையை ஏற்றிக்கொண்டு, எழுபதையும் ஏறித் திரும்பி வந்தோம்.

முள் அசையவே இல்லை. இந்த வண்டி இவ்வளவு குளிர்ச்சியாக ஓடி நான் பார்த்ததில்லை.